முப்பது நிமிடம் காத்திருக்கச் சொல்லிக்கொடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கப்பல் வேலைக்கு இளைஞர்களை ஆயத்தப்படுத்தும் பயிற்சி நிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களைக் கப்பலேற்றி அனுப்பும் முகவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவன். 24 வருடம் எண்ணெய் ஏற்றும் டாங்கர் கப்பல்களில் வேலை செய்தேன். டெக்கில் கறள் சுரண்டும் ஓ.எஸ். என்ற கீழ்நிலை மாலுமியாகச் சேர்ந்து, ஏ.பி. என்ற தேர்ந்த மாலுமியாகி, கடைசி 11 வருடம் சரக்குப் பம்புகளைப் பார்க்கும் பம்ப்மேனாக இருந்து, இப்போது ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறேன். உங்களில் சிலரை நேரில் தெரியும். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதை ஒரே மனதோடு வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் ஒழுங்கைப் பொடியன் ஒருவன் சான்றிதழோடு வீட்டுக்கு வந்தான். டீசலும் பெற்றோலும் ஏற்றும் ஒரு கப்பலில் டெக் ட்ரெயினியாக இடம் கிடைத்திருக்கிறது. காதிலும் கழுத்திலும் கிடந்ததை ஈடு வைத்துத்தான் தாய் அவனுடைய பயிற்சிக் காசைக் கட்டினவ. பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "தம்பி, தாங்கியில டீசல் ஏற்றி வால்வைப் பூட்டியாச்சு. உடனே மூடியைத் திறந்து டேப்பை இறக்கலாமா?"

"இறக்கலாம் மாமா. எவ்வளவு ஏறியிருக்கு என்று உடனே பார்க்கத்தானே வேணும்" என்றான்.

அவன் கெட்டிக்காரன். உயிர்காப்புப் படகில் என்னென்ன இருக்கும், தீயணைப்பான்களின் நிறங்கள் எவை என்று கேட்டால் தடையில்லாமல் சொல்கிறான். ஆனால் அளவெடுக்கும் டேப்பைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறான். மாதிரி எடுக்கும் போத்தலைக் கையால் தொட்டதில்லை. வாயு அளக்கும் மீற்றரை ஆசிரியர் தூக்கிக் காட்டினாராம், அதில் பற்றறி இருக்கவில்லையாம். நான் கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதிலை ஒரு நாள் கப்பலில் செய்து காட்டினால் அந்தப் பிள்ளை திரும்பி வராமலே போகலாம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

டாங்கரில் நடக்கும் வேலைகளில் அளவெடுப்பதும் மாதிரி எடுப்பதும்தான் பார்ப்பதற்கு மிக இலகுவானவை. மூடியைத் திற, டேப்பை இறக்கு, இலக்கத்தை வாசி, போத்தலை இறக்கு, நிரப்பி எடு, மூடு. அதனாலேயே அந்த வேலை புதுப் பொடியன்களின் கைக்கு முதலில் வந்து சேரும். ஆனால் தாங்கிக்குள் இருக்கும் ஆவிக்கும் மனிதனுடைய முகத்துக்கும் இடையில் ஒன்றுமே இல்லாமல் போகிற நேரமும் அதுதான்.

முதலில் அந்த வேலை என்ன என்பதைச் சொல்கிறேன். கப்பல் ஆட்கள் எண்ணெயின் ஆழத்தை அளப்பதைவிட, எண்ணெய்க்கு மேலே உள்ள வெற்றிடத்தை அளப்பதே வழக்கம். அதற்கு அலேஜ் என்று பெயர். கிணற்றில் வாளியை இறக்கி, தண்ணீரைத் தொடும்வரை எத்தனை முழக் கயிறு போனது என்று பார்ப்போமே, அதே கணக்குத்தான். அந்த அளவை ஒவ்வொரு தாங்கிக்கும் உரிய அட்டவணையில் பார்த்தால் கனவளவு வரும். கப்பல் முன்பக்கமோ பின்பக்கமோ தாழ்ந்து நின்றால், ஒரு பக்கம் சரிந்து நின்றால், அதற்கும் திருத்தம் உண்டு. பிறகு மேலே, நடுவே, கீழே என்று வெப்பநிலை பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைப் பூசிக் கம்பியை இறக்குவது பழைய முறை. யூ.ரி.ஐ. என்ற கருவி இப்போது அலேஜ், வெப்பநிலை, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே டேப்பில் சொல்லிவிடுகிறது.

இந்த இலக்கங்களின் பெறுமதி பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும். 10,000 கன மீற்றர் டீசலில் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் பிழையாக வாசித்தால் ஏறக்குறைய 8 கன மீற்றர், அதாவது 8,000 லீற்றர், கணக்கில் கூடும் அல்லது குறையும். நம்முடைய எரிபொருள் நிலையங்களுக்கு வரும் 6,600 லீற்றர் பவுசர் ஒன்றில் கொள்ளாத எண்ணெய் அது. 2022இல் கியூ.ஆர். கோட்டோடு வரிசையில் நின்ற நமக்கு 8,000 லீற்றர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவு காசு அந்த டேப்பில் தொங்குவதால்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். சரக்கின் அளவைச் சரிபார்க்கும் சர்வேயர் கரையில் இருந்து வந்து நிற்பார். ஏஜென்ற் கடதாசிகளோடு நிற்பார். கப்பல் தாமதித்தால் நாளுக்கு ஆயிரக்கணக்கான டொலர். அந்த அவசரம் முழுவதும் கடைசியில் மூடியடியில் நிற்கும் ஒரு பொடியனின் தலையில் வந்து இறங்குகிறது.

இனி அந்தப் பொடியனிடம் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் போன்ற சுத்தமான எண்ணெய்கள் மின்சாரத்தை இலேசில் கடத்தாதவை. குழாய்க்குள்ளும் பில்டருக்குள்ளும் உரசிக்கொண்டு ஓடும்போது அவற்றில் மின்னேற்றம் சேர்கிறது. கடத்துதிறன் ஒரு மீற்றருக்கு 50 பிக்கோசீமென்ஸுக்குக் கீழே உள்ள எண்ணெய்களை மின்னேற்றம் சேர்க்கும் எண்ணெய்கள் என்று டாங்கர் பாதுகாப்பு வழிகாட்டி பிரிக்கிறது. ஐ.எஸ்.ஜி.ஓ.ரி.ரி. என்ற அந்த வழிகாட்டி 1978இல் முதன்முதலில் வந்தது, அதன் ஆறாம் பதிப்பு 2020இல் வந்தது. இந்த எண்ணெய்கள் தாங்கிக்குள் வந்து விழுந்த பிறகும் அந்த ஏற்றம் உடனே இறங்கிவிடுவதில்லை. எண்ணெயின் மேற்பரப்பில் அது காத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு இரும்புச் சாமானை மேலிருந்து இறக்கினால் இரண்டுக்கும் இடையில் பொறி பாயலாம். மேலே இருப்பது எரியக்கூடிய ஆவியும் காற்றும் சேர்ந்த கலவையாக இருந்தால் அந்தப் பொறி ஒன்றே போதும்.

அதனால்தான் விதி: மந்த வாயு, அதாவது தீப்பற்ற விடாத ஒட்சிசன் குறைந்த வாயு, நிரப்பாத தாங்கியில் இப்படிப்பட்ட எண்ணெய் ஏற்றிக்கொண்டிருக்கும்போதும், ஏற்றி முடித்து 30 நிமிடம் வரையும், உலோகத்தாலான எதையும் உள்ளே இறக்கக் கூடாது. டேப், போத்தல் கூடு, வெப்பமானி எல்லாம் இதற்குள் அடங்கும். 30 நிமிடத்துக்குப் பிறகும், இறக்குவதற்கு முன் கருவியின் புவித்தொடுப்பு (எர்த்) வயரைக் கப்பலின் உடம்போடு இறுக்கிப் பூட்ட வேண்டும். வேலை முடிந்து கருவி வெளியே வந்த பிறகுதான் அந்த வயரைக் கழற்ற வேண்டும். தாங்கியின் அடிவரை போகும் சவுண்டிங் குழாய் இருந்தால் அதற்குள் எப்போதும் இறக்கலாம், ஏனெனில் அந்தக் குழாய்க்குள் ஏற்றம் சேர இடமில்லை.

டீசல்தானே, அது இலேசில் பற்றாதே என்று சொல்பவர்கள் கப்பலிலும் உண்டு. அந்தப் பேச்சைப் பிள்ளைகளிடம் எடுக்கவே விடாதீர்கள். போன பயணத்தில் அதே தாங்கியில் பெற்றோல் போயிருந்தால், அதன் ஆவி இன்னும் உள்ளே நிற்கும். புதிதாக வரும் டீசல் மின்னேற்றத்தோடு வரும். ஒன்று எரிகிற பொருளைக் கொண்டுவருகிறது, மற்றது நெருப்பைக் கொண்டுவருகிறது. ஏற்றத் தொடங்கும்போது எண்ணெய் ஓடும் வேகத்தை விநாடிக்கு 1 மீற்றருக்கு மேல் போகவிடாமல் வைத்து, குழாயின் வாய் மூழ்கிய பிறகே கூட்டுவதும் இதனால்தான்.

கயிற்றைப் பற்றி நம் பகுதிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் கயிறு என்றால் நைலோன் என்றே வளர்ந்தவர்கள். கரைவலை இழுப்பது நைலோனில், தோணி கட்டுவது நைலோனில், மாட்டைக் கட்டுவதும் நைலோனில். ஒரு கப்பலில் எனக்குக் கீழே வேலை செய்த நம் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன், மாதிரி எடுக்கும் கூட்டின் பழைய கயிறு பிய்ந்துபோனதைப் பார்த்து, என்னிடம் நல்ல பெயர் எடுக்கும் ஆசையில், புது நைலோன் கயிற்றில் அழகாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். முடிச்சில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தாங்கிக்குள் இறக்க முன் நான் கண்டேன். நைலோன், பொலிப்புரொப்பிலீன் போன்ற செயற்கை நாரை உள்ளே இறக்கும்போது அது உரசி உரசித் தானே மின்னேற்றத்தை உண்டாக்கும். பருத்தி, மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறுதான் வேண்டும். கையில் தென்னங்கயிறும் பருத்திக் கயிறும் பிடித்துப் பழகிய நம்முடைய அப்பப்பா காலத்து ஆட்களுக்கு இந்தப் பாடமே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது மூக்கைப் பற்றியது. இதை நான் என் உடம்பால் படித்தேன்.

2003ஆம் ஆண்டு, வளைகுடாவில் ஒரு துறைமுகம். கப்பலின் பெயரையும் கம்பனியின் பெயரையும் எழுதவில்லை. இரவு இரண்டு மணி, காற்று அடங்கிக் கிடந்தது. பியூவல் ஒயில் மாதிரி எடுக்க மூடியைத் திறந்தேன். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. போத்தலை இறக்கிக்கொண்டிருக்கும்போது நாற்றம் இல்லை. ஆவி பறந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். உண்மையில் என் மூக்குத்தான் செத்துப்போயிருந்தது. முழங்கால் மடிந்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. பின்னால் நின்ற பிலிப்பைன்ஸ்காரப் போசன், டெக் ஆட்களின் தலைவர், என் பொய்லர் சூட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்திருக்கிறார். நான் கண் விழித்தது பம்ப் அறைக்கு அப்பால், டெக்கில் மல்லாந்தபடி. அந்த மனிதனுக்கு நான் ஒவ்வொரு நத்தாருக்கும் இன்றுவரை தொலைபேசி எடுக்கிறேன். அறிக்கையில் "எண்ணெயில் சறுக்கி விழுந்தார்" என்று எழுதினார்கள். வாயு மீற்றர் அன்று கட்டுப்பாட்டு அறையில் சார்ஜில் கிடந்தது.

ஐதரசன் சல்பைட்டு என்ற அந்த வாயு மிகக் குறைந்த அளவிலேயே மணக்கும். ஆனால் காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கு அளவுக்கு வந்தால் மோப்ப நரம்பை மரக்கச் செய்துவிடும். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளில் ஆள் விழலாம், உயிரும் போகலாம். காற்றைவிடப் பாரமானது, அதனால் தாழ்ந்த இடத்தில் தங்கும். எண்ணெய்க்குள் கொஞ்சமாக இருந்தாலும் மேலே உள்ள வெற்றிடத்தில் பல மடங்காகச் சேர்ந்து நிற்கும். ஆகவே சரக்குக் கடதாசியில் சிறிய இலக்கம் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. "மணத்தால் தெரிந்துவிடும்" என்று ஒரு வசனம் உங்கள் வகுப்புக் குறிப்புகளில் எங்காவது இருந்தால், தயவுசெய்து இன்றே வெட்டிவிடுங்கள்.

பென்சீன் வேறு மாதிரி. அது அநேகமாக யாரையும் மூடியடியிலேயே விழுத்துவதில்லை. வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தவனுக்கு இரத்தப் புற்றுநோயாக வந்து நிற்கலாம். பெற்றோலிலும் மசகு எண்ணெயிலும், அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெயிலும், அது இருக்கிறது. கையுறை போடாமல் மாதிரிப் போத்தலைத் துடைக்கும் கைக்கும் அது போகும்.

வெளிக்காற்றில் நிற்கிறோமே, என்ன நடக்கப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் தரையில் உள்ள மசகு எண்ணெய்த் தாங்கிகளின் மூடியைத் திறந்து கையால் அளவெடுத்தபோதும் மாதிரி எடுத்தபோதும் 2010க்கும் 2014க்கும் இடையில் குறைந்தது 9 தொழிலாளர்கள் இறந்ததாக அந்நாட்டுத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனங்கள் எச்சரிக்கை வெளியிட்டன. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில் கூட இறந்திருக்கிறார்கள். ஆவி குப்பென்று வெளியே வந்து முகத்தைச் சுற்றியிருக்கும் காற்றைத் தள்ளிவிடுகிறது, அதே ஆவி இதயத் துடிப்பையும் குழப்புகிறது.

எங்கே நிற்பது என்பதையும் பெரும்பாலானோர் பிழையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காற்று முதுகில் படும்படி நில் என்பார்கள். கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். ஆனால் முதுகில் அடிக்கும் காற்று உடம்பைச் சுற்றி வளைந்து முன்னால் சுழி போடும். ஆற்றில் நட்ட தறிக்குப் பின்னால் தண்ணீர் சுழல்வதை வாவியிலும் களப்பிலும் நாம் பார்த்ததில்லையா? அந்தச் சுழி ஆவியைத் தூக்கி முகத்தில் அடிக்கும். காற்று உங்களுடைய ஒரு தோளில் இருந்து மறு தோளுக்குப் போகும்படி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். தலையைத் துவாரத்துக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. இதைப் பலகையில் எழுதிப் படிப்பிக்க முடியாது. கல்லடிக் கடற்கரைக்கோ ஒலுவில் கரைக்கோ கூட்டிப்போய், ஒரு பீப்பாவில் புகை மூட்டி, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துக் காட்டுங்கள். ஒரு பின்னேரம் போதும், வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் பாழ்கிணற்றில் இறங்குமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். லாம்பு அணைந்தால் இறங்க மாட்டார்கள். ஒட்சிசன் இல்லை என்று அது சொல்கிறது. கிணற்றுக்கு நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்தைவிட்டு, கிணற்றுக்குள்ளேயே இறைக்கிற மெஷினை ஓடவிட்டு, இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்துச் செத்த செய்திகளையும் நாம் வாசித்திருக்கிறோம். ஆனால் நெருப்பைக் கொண்டு காற்றைச் சோதிக்கும் அந்த அறிவைக் கப்பலுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே லாம்பின் வேலையை மீற்றர்தான் செய்ய வேண்டும். 2016 ஜூலை 1 முதல், ஒட்சிசன், எரியக்கூடிய வாயு, ஐதரசன் சல்பைட்டு, காபனோரொட்சைட்டு ஆகிய நான்கையும் அளக்கும் கையடக்கக் கருவி கப்பலில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நான் விழுந்த காலத்தில் அந்த விதி இல்லை. இன்று இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதைத் திறந்து பாவிக்கத் தெரியாவிட்டால் அந்த விதி வந்து யாருக்கு என்ன பயன்?

மந்த வாயுவைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1969 டிசம்பரில் மூன்று வாரத்துக்குள் மார்பெஸ்ஸா, மக்ட்ரா, கொங் ஹாகோன் VII என்ற மூன்று மாபெரும் டாங்கர்கள் தாங்கி கழுவும்போது வெடித்தன. மார்பெஸ்ஸா கடலுக்கடியில் போய்விட்டது. கழுவும் தண்ணீர்த் திவலைகளில் சேர்ந்த மின்னேற்றத்தின் மீதே பெரும் சந்தேகம் விழுந்தது. அதன் பிறகுதான் பெரிய டாங்கர்களின் தாங்கிகளில் ஒட்சிசன் குறைந்த வாயுவை நிரப்பி, உள்ளே ஒட்சிசனை 8 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல் வைத்திருக்கும் முறை கட்டாயமானது. அப்படி நிரப்பிய தாங்கியில் பொறி பாய்ந்தாலும் பற்றாது. ஆனால் அதே வாயு மூடியால் வெளியே வரும்போது அதைச் சுவாசித்தவன் விழுவான். நெருப்பில் இருந்து கப்பலைக் காப்பாற்றுகிற வாயு மனிதனுக்கு மூச்சைக் கொடுக்காது. முகத்தில் வடிகட்டி மாஸ்க் கட்டினாலும் ஒட்சிசன் இல்லாத இடத்தில் அது உதவாது.

நம் கரையோரத்து ஆட்களுக்கு டாங்கர் என்றால் நினைவுக்கு வருவது நியூ டயமண்ட். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்குக் கிழக்கே அந்தக் கப்பல் பற்றியெரிந்தபோது, குவைத்தில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுபோன ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் அதற்குள் இருந்தது. தீ இயந்திர அறையில் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கரையோரக் காவல் படையும் நாட்கணக்கில் நின்று அணைத்தன, சரக்குத் தாங்கிகளுக்குத் தீ போகவில்லை. அந்த நாட்களில் பொத்துவிலில், திருக்கோவிலில் இருந்தெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "எண்ணெய் இங்க வந்தா மீன் என்னாகும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இறந்த அந்த மாலுமியைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். இருவருமே பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பிய தாய்மார்.

மாதிரி எடுப்பதில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. மேல் மாதிரியை எண்ணெயின் ஆழத்தில் ஆறில் ஒரு பங்கிலும், நடு மாதிரியைப் பாதியிலும், கீழ் மாதிரியை ஆறில் ஐந்து பங்கிலும் எடுக்க வேண்டும். போத்தலைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது, சூட்டில் எண்ணெய் விரிய இடம் வேண்டும். ஏணியில் இறங்கும்போது போத்தலைக் கையில் பிடிக்காமல் தோளில் தொங்கும் கூடையில் வைக்க வேண்டும், இரண்டு கையும் ஏணிக்கே உரியவை. எடுத்த மாதிரியைச் சரக்குப் பகுதியில் உள்ள அலுமாரியில் பூட்ட வேண்டும். கபினுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்த ஒருவனோடு நான் ஒரே கப்பலில் இருந்திருக்கிறேன். இடி மின்னல் கிட்ட வந்தால் மூடியைத் திறப்பதே இல்லை. நவம்பர், டிசம்பரில் நம் வானம் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இது சுலபமாக ஏறும். முடிந்தவரை மூடியையே திறக்காமல், ஆவியை வெளியே விடாத ஆவிப்பூட்டு வால்வு வழியாகக் கருவியை இறக்கும் மூடிய முறையில்தான் அளக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். திறந்த முறைதான் வழக்கம் என்ற எண்ணம் மனதில் பதிந்தால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது, நாங்கள் படிப்பிக்கிறோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மை. மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய எஸ்.ரி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் டாங்கருக்கு ஏறுகிறவனுக்கு அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும், பாடத்திட்டத்தில் இவையெல்லாம் இருக்கின்றன. ஆனால் படிப்பது ஆங்கிலத்தில், சோதனை எழுதுவதும் ஆங்கிலத்தில். பிள்ளைகள் மனப்பாடம் செய்து சித்தியடைகிறார்கள். ஏன் 30 நிமிடம் என்று தமிழில் ஒரு தடவை விளங்கிய பிள்ளை அதை ஆங்கிலத்தில் எழுதுவான். விளங்காமல் எழுதியவன் கப்பலில் மறப்பான்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. நம் பிள்ளைகளை நாம் மூத்தவர்களுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாமல் வளர்க்கிறோம். ஆசிரியர், அதிபர், பள்ளித் தலைவர், கோயில் வண்ணக்கர் என்று எல்லாருக்கும் தலையாட்டி வளர்ந்த பொடியன், "டேப்பை இறக்கு" என்று சீஃப் ஒபிசர் சொன்னால் "ஓம் சேர்" என்று இறக்குவான். நான் பம்ப்மேனாக இருந்தபோது ஒரு துறைமுகத்தில் பெற்றோல் ஏற்றி முடித்து 12 நிமிடம் ஆகியிருந்தது. அளவை எடு என்றார் சீஃப் ஒபிசர். இன்னும் 18 நிமிடம் இருக்கிறது என்றேன். சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீஃப் ஒபிசர் என்னைச் சோம்பேறி என்றார், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்றார். நான் டேப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கால் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. கப்டன் மேலிருந்து இறங்கி வந்து விசாரித்துவிட்டு, "அவன் சொல்வது சரி" என்று சொல்லித் திரும்பிப் போனார். அப்போது எனக்கு வயது 40க்கு மேல், 15 வருட அனுபவம். அந்த இடத்தில் 20 வயதுப் பிள்ளை நின்றிருந்தால்?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, ஒருவரை ஒபிசராக நிற்க வைத்து, அவர் அதட்ட அதட்ட, "ஸ்டொப் சேர். தேர்ட்டி மினிட்ஸ் நொட் ஓவர்" என்று வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். சத்தமாக, கண்ணைப் பார்த்து, மரியாதையோடு. பத்துத் தடவை, இருபது தடவை. வாய்க்குப் பழகாத வசனம் பயத்தில் வராது.

பழைய தண்ணீர் பவுசர்த் தாங்கி ஒன்றை வாங்கி முற்றத்தில் வையுங்கள். மேலே ஒரு வால்வு பூட்டுங்கள். உள்ளே தண்ணீரும் அதன்மேல் தேங்காயெண்ணெயும் ஊற்றினால் போதும், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான எல்லையை யூ.ரி.ஐ. சொல்லிவிடும். பெற்றோல் ஒரு துளியும் தேவையில்லை. ஒரு நல்ல யூ.ரி.ஐ. விலை கூடியதுதான். நாலைந்து நிலையங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோகலாம். நான்கு வாயு மீற்றர் ஒன்று, அதைச் சோதிக்கும் வாயு உருளை ஒன்று, ஒரு சுருள் பருத்திக் கயிறு. பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை என்று நான் மனதார நம்புகிறேன். வயரைப் பூட்டி, பக்கவாட்டில் நின்று, மீற்றரைப் பார்த்து, மூன்று தடவை அளவெடுத்து மூன்றும் ஒத்துவரும்வரை அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழில் கையெழுத்து வைக்காதீர்கள்.

காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் பாண்டிருப்பிலும் கல்லாற்றிலும் டாங்கரில் ஓடி வந்த ஆட்கள் என்னைப்போல் வீட்டில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். தமிழில் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்குக் கூலி வேண்டாம், பஸ் காசும் நானே போட்டுக்கொள்கிறேன்.

முகவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை எந்தக் கப்பலுக்கு அனுப்புகிறீர்கள், அது என்ன ஏற்றும், தாங்கிகளுக்கு மந்த வாயு உண்டா இல்லையா என்பதை அவன் ஊரை விட்டுப் புறப்படுமுன் தாய் தகப்பனுக்கும் அவனுக்கும் சொல்லுங்கள். சின்ன டாங்கர்களில் பலவற்றுக்கு மந்த வாயு இருக்காது. அங்கேதான் அந்த 30 நிமிடம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

அந்த ஒழுங்கைப் பொடியன் இப்போது பின்னேரங்களில் எங்கள் வளவுக்கு வருகிறான். என்னிடம் இருக்கும் பழைய கை டேப்பைக் கிணற்றில் இறக்கி, கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளக்கிறான். மூன்று தடவை. முதல் நாள் மூன்றும் மூன்று விதமாக வந்தன. நேற்று இரண்டு மில்லிமீற்றருக்குள் ஒத்து வந்தன. இறக்குமுன் நான் வேண்டுமென்றே அவசரப்படுத்துவேன், அவன் அந்த ஆங்கில வசனத்தைச் சொல்ல வேண்டும். இன்னும் குரல் உள்ளேதான் போகிறது. வருகிற வியாழன் இரவு கொழும்பு பஸ் ஏறுகிறான். அதற்குள் இன்னும் மூன்று பின்னேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப்மேன் ஒருவன்
களுவாஞ்சிக்குடி